யமுனை நுரையும் நம்ம ஊர் நுரையும்: சேலத்துக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும், பாடத்திட்டக் குழுவில் அமர்பவர்களுக்கும், "இந்த செமஸ்டர் இ.வி.எஸ். நீங்க எடுத்துடுங்க" என்று சொன்னதும் தலையாட்டிய என் போன்ற ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் தமிழ் படித்தவள். கௌரவ விரிவுரையாளர். அந்தக் 'கௌரவ'த்துக்கு என்ன சம்பளம் என்று உங்களுக்கே தெரியும், அது வேறு கதை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் குறைகிறது என்று இ.வி.எஸ். என்கிற முதலாமாண்டு மாணவர்களின் சுற்றுச்சூழல் பாடத்தை எனக்குக் கொடுத்தார்கள். "எனக்கு அறிவியல் தெரியாதே சார்" என்றேன். "நோட்ஸ் இருக்குங்க மேடம், வாசிச்சாப் போதும். யாரும் ஃபெயில் ஆகறதில்ல" என்றார் பொறுப்பாசிரியர். அவர் சொன்னது பொய்யில்லை.

செமஸ்டர் முடிவில் அறுபத்திரண்டு ரெக்கார்டு நோட்டுகள் என் மேசைக்கு வந்தன. எல்லாவற்றிலும் பழுப்பு அட்டை, எல்லாவற்றிலும் ஸ்கெட்ச் பேனா பார்டர். 'உள்ளூரில் மாசுபட்ட ஓர் இடம்' என்ற தலைப்பைப் புரட்டினேன். வெள்ளை வெளேரென்ற நுரைக்கு நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பெண்கள் சூரியனைக் கும்பிடுகிற படம். டெல்லி யமுனை, சத் பூஜை. அடுத்த நோட்டிலும் அதே படம். அதற்கடுத்ததிலும். எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தொரு நோட்டில் யமுனை, மிச்சத்தில் பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரின் குப்பைமேடு. விசாரித்தபோதுதான் தெரிந்தது, கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் 'இ.வி.எஸ். செட்' என்று கேட்டால் ஒட்டுவதற்குத் தயாராகப் படங்கள் தருவார்களாம். கலர் என்றால் நாற்பது ரூபாய். கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை நம்மைவிட அவர்தான் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறார்.

இந்தப் பிள்ளைகள் தினமும் டவுன் பஸ்ஸில் தாண்டி வருவது திருமணிமுத்தாறு. அதிலும் நுரைதான். யமுனை நுரையைப் பார்க்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, ஜன்னல் சீட் கிடைத்தால் போதும்.

பாடம் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலை எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றது. பன்னிரண்டு வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2003-இல் மறுபடி கண்டித்துச் சொன்ன பிறகு பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்டப்படிப்பு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பாடத்திட்டம் வகுத்தது. 8 அலகுகள், 50 வகுப்புகள். அந்த எட்டாவது அலகில் இருப்பதெல்லாம் நான்கே வரி. உள்ளூர் ஆறு, காடு, மலை ஏதாவது ஒன்றைப் போய்ப் பார்த்துப் பதிவு செய்தல். உள்ளூரில் மாசுபட்ட ஓர் இடத்தைப் பார்த்தல். சாதாரணச் செடி, பூச்சி, பறவைகளை அறிதல். குளம், ஆறு, மலைச்சரிவு என்று எளிய சூழல் ஒன்றை ஆராய்தல். இதற்கு ஐந்து வகுப்பு நேரம், நூற்றுக்கு 25 மதிப்பெண். அதற்குப் பிறகு பாடத்தின் பெயரும் அலகுகளும் பலமுறை மாறிவிட்டன, களப்பணி மட்டும் ஏதோ ஒரு வடிவில் ஒட்டிக்கொண்டே வருகிறது. எழுதியவர் யாரோ, வேலையைத் தெரிந்து எழுதியிருக்கிறார். ஐந்து மணி நேரம் கொடுத்தார். அதை நாம் நாற்பது ரூபாய்க்கு விற்றுவிட்டோம்.

இந்த மடலின் கோரிக்கை அந்த ஐந்து மணி நேரம் மட்டும்தான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அடுத்த செமஸ்டரில், ரெக்கார்டு ஒட்டுவதற்கு முன்பே, ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். கல்லூரிப் பஸ் கேட்டேன். "ஆத்துக்கு எதுக்கு மேடம் டூர்? ஏற்காடு போங்க, போட் ஹவுஸ் போங்க, பசங்களும் சந்தோசப்படுவாங்க" என்றார்கள். பஸ் கிடைக்கவில்லை. டவுன் பஸ்ஸில் போனோம். பெண் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை, பையன்களுக்கு மட்டும்தான் செலவு. முப்பத்தொரு பேர் வந்தார்கள்.

சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறந்து வருகிற ஆறு இது. பெயரைப் பாருங்கள், மணியும் முத்துமாக இருக்கிறது. சேலத்துச் சுகவனேசுவரர் கோயில் இதன் கரையில்தான் எழுந்தது. ஊருக்குள் நுழையும்போது வீட்டுச் சாக்கடையெல்லாம் சேர்கிறது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது சாயம். அப்படியே நாமக்கல் மாவட்டத்துக்குள் போய்க் காவிரியில் விழுகிறது. நாங்கள் இறங்கியது கொண்டலாம்பட்டி தாண்டி ஒரு சின்னப் பாலத்தில். பிள்ளைகள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும் பொத்தவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு மெரூன் ஓடுது மேம்" என்றான்.

எனக்குப் பழுப்பாகத்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்த பிறகு கரையோரக் கல்லில் படிந்திருந்த சிவப்பு தெரிந்தது.

"தீபாவளிக்கு முன்னாடி மெரூன், கத்திரிப்பூ எல்லாம் ஜாஸ்தி ஓடும். வெயில் காலத்துல லைட் கலர். மழை பேஞ்சா எல்லாக் கலரும் ஒண்ணா வரும், மழையோட மழையாத் தொறந்து விட்டுருவாங்க."

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"எங்கப்பா பட்டறைக்குத்தான் வேலைக்குப் போறாரு."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கொஞ்சம் அமைதியானார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டான்: "மேம், நீர் மாசுக்குக் காரணம்னு எங்கப்பாவத்தான் எழுதணுமா?"

என்னிடம் இருந்த நோட்ஸில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. 'தொழிற்சாலைக் கழிவுகள்' என்று ஒரே சொல்லில் அடங்கிவிட்ட விஷயம் அது. டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குத் தொழிற்சாலை என்றால் புகைபோக்கி. கொண்டலாம்பட்டியிலும் அம்மாப்பேட்டையிலும் குகையிலும் அது சாப்பாட்டுத் தூக்குவாளியோடு சாயங்காலம் வீடு திரும்புகிற அப்பா. நம் வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தறி, சாயம், சேகோ (ஜவ்வரிசி), கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் போய் 'மனிதர்களின் வாழ்க்கை முறை இயற்கையைப் பாதிக்கிறது' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். எந்த மனிதர், யாருடைய வாழ்க்கை முறை என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

"காரணம்னு எழுதாத. கணக்கு எழுது. அப்பாகிட்டக் கேட்டு, ஒரு சிப்பம் நூலுக்கு எத்தனை அலசுன்னு எழுதிட்டு வா" என்றேன். அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவன் கொண்டுவந்தது மூன்றே பக்கம். வெளுப்பு, சாயம், அலசு, சோப்பு அலசு, மறுபடி அலசு என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எத்தனை தொட்டித் தண்ணீர் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. அதில் ஒரு வரி: 'உப்பு மூட்டை தூத்துக்குடியிலிருந்து வருகிறது.' கீழே அவனாகவே ஒரு படம் வரைந்திருந்தான். கடலில் எடுத்த உப்பு லாரியில் சேலம் வருகிறது, சாயத் தொட்டியில் இறங்குகிறது, ஆற்றில் கலக்கிறது, காவிரி வழியாகத் திரும்பக் கடலுக்குப் போகிறது. நடுவில் நாமக்கல் பக்கம் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டு 'கிணறு' என்று எழுதியிருந்தான்.

வேதியியல் துறைத் தோழியிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அசந்து போனாள். பருத்திக்கு இப்போது பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயமாம். அது நூலில் ஏற உப்பும் சோடாவும் வேண்டும். சாயத்தில் ஒரு பங்காவது நூலோடு தங்கிவிடும், உப்பு அப்படியில்லை. ஏற்றிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது, போட்டது முழுவதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை ஏதாவது மருந்து போட்டு எடுத்துவிடலாம், கண்ணுக்குத் தெளிந்த தண்ணீராகிவிடும். உப்பு அதில் அப்படியே இருக்கும். தெளிந்த தண்ணீர் பாய்ந்தும் தென்னை ஏன் காய்கிறது என்று கீழே உள்ள விவசாயி குழம்புவது இதனால்தான். உப்பைப் பிரிப்பதற்குச் சவ்வு வைத்து வடிகட்டி, மிஞ்சுவதைக் காய்ச்சி எடுக்க வேண்டும், கரண்டும் விறகும் தின்கிற வேலை. நொய்யல் ஆற்றைக் காப்பாற்ற 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது பிரச்சினையின் நடுவில் நின்றதும் இந்தச் செலவுதான். சேலையின் விலையில் அது ஏறவில்லை என்றால் நாமக்கல் கிணற்றில் ஏறும். அந்தப் பையனின் அப்பா இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. நூல் கொடுத்த முதலாளி ஒரு கண்ணி. ஆடித் தள்ளுபடியில் நான் எடுத்த இரண்டு சேலையும் கண்ணிதான்.

நுரைக்கும் இதுபோலத்தான். சாயப்பட்டறை நுரை என்று நாம் விரலை நீட்டிவிடுகிறோம். நம் வீட்டு வாஷிங் மெஷினும் குளியலறையும் அனுப்புகிற சோப்புத் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. ஓடுகிற வரை அமைதியாக ஓடும். தடுப்பணையில் விழுந்து காற்றோடு கலக்கும்போது பொங்கும். அதனால் நுரை பொங்குகிற ஊர் ஒன்று, அனுப்பிய ஊர் வேறு. போட்டோவுக்குச் சிக்குவது பொங்குகிற ஊர் மட்டுமே.

சேகோவைச் சொல்லாமல் விட்டால் சேலத்தைப் பற்றி எழுதியதாகாது. குச்சிக்கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து மாவெடுக்கிறோம். திப்பி மாட்டுக்குப் போகிறது. புளித்த தண்ணீர் எங்கே போகிறது? சீசனில் சேகோ ஃபேக்டரிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு மூக்கு சொல்லும். அந்தத் தண்ணீரை மூடிய தொட்டியில் போட்டால் எரிவாயு கிடைக்கும். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், செய்யாதவர்களும் இருக்கிறார்கள். ஜவ்வரிசியில் பெரும்பகுதி வடக்கே போகிறது. மகாராஷ்டிரத்தில் ஏகாதசி விரதத்துக்கு ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுகிறவருக்கு நம் வாய்க்கால் எப்படித் தெரியும்? அப்படியே திருப்பிப் பாருங்கள். நாம் வாங்கித் தின்பதற்கெல்லாம் எந்த ஊர் வாய்க்கால் நாறுகிறதோ, நமக்கும் தெரியாது.

சரி, ஏற்காட்டுக்கு வருகிறேன். டூர் என்றால் ஏற்காடு என்று சொன்னார்களே, அதற்கும் போனோம், ஆனால் போட் ஹவுஸுக்கு அல்ல. மலையேறும் முன்பே பிள்ளைகளை ஒரு பக்கம் பார்க்கச் சொன்னேன். அடிவாரத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாக மண்மேடுகள். மேக்னசைட். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இதற்குச் சுண்ணாம்புக் குன்று என்றுதான் பெயர், உண்மையில் அது சுண்ணாம்பு இல்லை. எஃகு உருக்குகிற உலைகளுக்கு உட்புறம் வைக்கிற செங்கல் இதில்தான் செய்கிறார்கள். சூளையில் சுடும்போது என்ன நடக்கிறது என்று தோழி கணக்குப் போட்டுக் காட்டினாள்: சுத்தமான மேக்னசைட் ஒரு டன் சுட்டால் கல்லிலிருந்தே ஏறக்குறைய 520 கிலோ கரியமில வாயு கிளம்பிவிடும். அடுப்பில் எரிக்கிற எண்ணெயின் புகை தனி. பாதிக்கு மேல் காற்றாகப் போய், மீதிதான் நமக்கு. டிபன் பாக்ஸைக் கையில் வைத்திருந்த ஒரு பெண், "எவர்சில்வருக்குமா மேம்?" என்று கேட்டாள். உருக்காலை இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. எவர்சில்வரையும் உலையையும் அவள் அன்றுதான் சேர்த்துப் பார்த்தாள்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிய பிறகு, "காடு எங்கே காட்டுங்க" என்றேன். எல்லோரும் காபித் தோட்டத்தைக் காட்டினார்கள். பச்சையாக, நிழலாக, உயரமான மரங்களோடு இருந்தால் காடு. அவர்கள் காட்டிய மரம் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நேராக வளரும், சீக்கிரம் வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், வெட்டி விற்கலாம். அடியில் காபி, அது ஆப்பிரிக்காவிலிருந்து. 1820-களில் இங்கே கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது என்பார்கள். ரோட்டோரம் பூத்துக் குலுங்கிய உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அப்படியானால் இந்த மலையின் சொந்தச் சரக்கு எது? சேர்வராயன் பெயரையே தாங்கி 'வெர்னோனியா சேவராயென்சிஸ்' என்று ஒரு மரம் இருக்கிறது. சூரியகாந்திக் குடும்பத்தில் பிறந்து மரமாக வளர்ந்த அதிசயம், அருகிவிட்ட இனம். அறுபது பேர் வகுப்பில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. நானும்தான், அந்த மாதம் வரை. செல்லரித்த நோட்ஸில் பனிக்கரடி இருக்கிறது, இந்த மரம் இல்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. போட் ஹவுஸுக்குப் போகிற கல்லூரிப் பஸ்கள் அங்கேயும் நின்றால் என்ன குறைந்துவிடும்?

எஸ்டேட் வேலைக்குப் போகிற, இந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அம்மா, பிள்ளைகளிடம் கைநீட்டிக் காட்டிச் சொன்னார்: "காட்டு மாடு முன்னெல்லாம் அந்தப் பக்கத்தோட நிக்கும். இப்ப டீக்கடை வரைக்கும் வருது." ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். "அங்க வேலி போட்டுட்டாங்க, பங்களா கட்டிட்டாங்க. மாடு எங்க சாமி போகும்?" புத்தகத்தில் 'மனித-வனவிலங்கு மோதல்' என்று ஒரு தலைப்பு உண்டு. நானும் அதை ஒரு மணி நேரம் நடத்தியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்று. பனமரத்துப்பட்டி ஏரி 1911-இல் சேலத்துக்குக் குடிதண்ணீர் தருவதற்காகவே கட்டியது. பிறகு மேட்டூர்த் தண்ணீர் ஐம்பது கிலோமீட்டர் குழாயில் வர ஆரம்பித்தது. வந்த நாள் முதல் ஏரியை ஊர் மறந்தது, சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டது. வசதி வந்தால் பக்கத்தில் இருப்பதைக் கைவிடுவோம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அமேசான் காட்டில் கிடைக்காது. எதிர்ப்பக்க உதாரணமும் ஊரிலேயே இருக்கிறது: கன்னங்குறிச்சி மூக்கனேரி. 2010-இல் சேலம் மக்கள் குழு முன்னின்று தூர் வாரி, அந்த மண்ணையே ஏரிக்குள் திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். பறவைகள் வந்தன. அப்புறம் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் மறுபடி வராமல் பார்த்துக்கொள்வது முடியாத வேலையாகவே இருக்கிறது. அந்த முடியாமையையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்தால் முடிந்தது என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்.

அதைச் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 5 கல்லூரி திறக்காத நாள் என்பதால் உலகச் சுற்றுச்சூழல் தினத்தை ஜூலையில் கொண்டாடுகிறோம். எல்லோரும் பச்சை உடுத்தி வர வேண்டும், மைதானத்தில் மரம் போல நிற்க வேண்டும், மாடியிலிருந்து படம். போன வருடம் அந்த ஒரு நாளுக்காகவே புதுப் பச்சைத் துப்பட்டா வாங்கிய பிள்ளைகள் பாதிப் பேர். சாயம் தோய்த்து அலசாமல் துப்பட்டா பச்சையாவதில்லை.

உங்களிடம் கேட்பது பெரிய செலவில்லை. ஐந்து மணி நேரத்தை நேர அட்டவணையில் சனிக்கிழமைக் காலையாகப் போட்டுக் கொடுங்கள். பாடம் எடுப்பவர் தமிழாக இருந்தால் கூட வேதியியலில் ஒருவரை அனுப்புங்கள், வணிகவியல் ஆசிரியர் வந்தால் இன்னும் நல்லது, சாயக்கழிவைச் சுத்தம் செய்கிற செலவை யார் தலையில் கட்டுவது என்பது அவர் பாடம். ஆர்.ஓ. விற்க வருகிறவர் சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பாரே, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது, அது சில நூறு ரூபாய்தான். துறைக்கு இரண்டு வாங்குங்கள். மூக்கனேரியில் மூன்று இலக்கம் காட்டியது எங்கள் மீட்டர். கொண்டலாம்பட்டிப் பாலத்தடியில் நான்கு இலக்கம். அந்த எண்ணைப் பார்த்த பிறகு பிள்ளைகளுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு எங்க வீட்டு ஆர்.ஓ. ரெண்டு மூணு லிட்டரச் சாக்கடைக்கு விடுது மேம்' என்று ஒருத்தி தானாகவே ஆரம்பித்தாள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், இது பாடத்திட்டக் குழுவுக்கு. மதிப்பிட வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். அந்தப் பையனின் மூன்று பக்க ரெக்கார்டுக்கு 25-க்கு 14 போட்டார்கள். கேட்டதற்கு, "படம் ஒட்டலையே மேடம், பார்டரும் இல்ல" என்று பதில். அப்பாவின் அலசுக் கணக்கும், தூத்துக்குடி உப்பின் பயணமும், கிணற்று வட்டங்களும் அதில் இருந்தன. போன செமஸ்டரில் யமுனை ஒட்டியவர்களுக்கு 22 கிடைத்திருந்தது. மறுமதிப்பீடு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தாளுக்கு அப்படி ஒரு வழக்கமே இல்லை என்கிறார்கள். நோட்டை அவனிடமிருந்து வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் காட்டுகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மறுபடி போகிறோம். பழைய பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணிக்கு நிற்போம். உங்களில் யாராவது வருவதாக இருந்தால் பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், கரை வழுக்கும். அன்றைக்கு என்ன கலர் ஓடுகிறது என்று அவன் சொல்வான்.

இப்படிக்கு,
முதலாமாண்டுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கும் ஒரு தமிழாசிரியை,
சேலம்.